வீட்டு வாளும் தொழில் வாளும்: மாத்தளை மலைச்சரிவின் மரவெட்டுக் கருவிகள்

மாத்தளை நகரை விட்டுக் கிழக்கே இரத்தோட்டைப் பக்கம் செல்வோர், வீதியின் இருமருங்கிலும் மிளகுக்கொடி படர்ந்த தோட்டங்களைக் காண்பர். பலாவும் கமுகும் சாதிக்காயும் கராம்பும் கலந்து நிற்கும் அத்தோட்டங்களைத் தொலைவிலிருந்து பார்க்கும் ஒருவர், அவற்றைக் காடென்றே கருதுவார். கிட்டச் சென்று பார்த்தால் ஒவ்வொரு மரத்துக்கும் ஓர் உடைமையாளர் இருப்பது தெரியவரும். அந்தத் தோட்டங்களின் உள்ளிருந்து சில நாட்களில் ஒரு பேரிரைச்சல் எழும். சற்று நேரம் உறுமும், தாழும், மீண்டும் உறுமும். பின்னர் ஒரு மரம் சாயும் ஓசை கேட்கும். சங்கிலி வாள் என்னும் இயந்திரம் அங்கே வேலைசெய்கின்றது என்பதை அயலவர் அறிந்துகொள்வர்.

இந்த இயந்திரத்தை வாங்கக் கடைக்குச் செல்பவருக்கு ஒரு மயக்கம் காத்திருக்கின்றது. பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே தோன்றும் இரண்டு வாள்கள் அருகருகே வைக்கப்பட்டிருக்கும். ஒன்றின் விலை மற்றதன் விலையிலும் பன்மடங்காக இருக்கும். மலிவானது வீட்டுப் பாவனைக்கு உரியது, விலை கூடியது தொழிலாளருக்கு உரியது என்று கடைக்காரர் விளக்குவார். மாத்தளையில் வீடு எங்கே முடிகின்றது, தொழில் எங்கே தொடங்குகின்றது என்னும் வினாவுக்குக் கடையில் விடை கிடைப்பதில்லை. அந்த விடையைத் தேடுவோர் ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் பின்னோக்கிச் செல்லவேண்டும்.

1824ஆம் ஆண்டில் கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் என்பவர் கோப்பித் தோட்டமொன்றைத் தொடங்கினார். அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் அந்தப் பயிர் கண்டி இராச்சியத்தின் பழைய எல்லைகளெங்கும் பரவத் தலைப்பட்டது. 1837இல் ஆர். பி. டைட்லர் என்னும் தோட்டத்துரை யமேக்காத் தீவிலிருந்து கோப்பிப் பயிர்ச்செய்கை முறைகளைக் கொண்டுவந்தபின் அதன் வேகம் பின்னும் கூடிற்று. மாத்தளையின் மலைச்சரிவுகளும் தும்பறைப் பள்ளத்தாக்கும் துரைமாரின் கண்ணுக்கு இனிய நிலங்களாயின. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உரிமை நாட்டப்படாத காட்டு நிலமும் தரிசு நிலமும் முடிக்கு உரியவை எனக் கொண்டது. 1844 வரை அத்தகைய நிலம் ஏக்கர் ஒன்றுக்கு ஐந்து சிலிங் என்னும் தொடக்க விலைக்கு ஏலத்தில் விடப்பட்டது. அரசாங்க உத்தியோகத்தரும் இந்த ஏலங்களில் நிலம் வாங்கினர் என்பது அக்காலத்தில் யாவரும் அறிந்த செய்தி.

நிலம் கைக்கு வந்தது. ஆயின் அந்த நிலத்தின்மேல் காடு நின்றது. அதை வெட்டுவது யார், எதைக்கொண்டு வெட்டுவது?

தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளரே மலைநாட்டின் காட்டை வெட்டிச் சாய்த்தனர் என்று பலர் எண்ணுகின்றனர். இது முழுதும் சரியன்று. மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டினூடாக நடந்து, தம்புள்ளை, நாலந்தை வழியாக மாத்தளைக்கு வந்துசேர்ந்த அந்த மக்கள், வழியிலேயே நோயாலும் பசியாலும் பெருந்தொகையாக மாண்டனர். எஞ்சி வந்தோர் குழி தோண்டினர், கன்று நட்டனர், களை எடுத்தனர், பழம் பறித்தனர், பாதை வெட்டினர். பெருங்காட்டை வீழ்த்தும் வேலையைத் துரைமார் பெரும்பாலும் அயற்கிராமங்களின் சிங்கள மக்களிடமே ஏக்கர்க் கணக்கில் குத்தகைக்கு விட்டனர். தோட்டத்தின் அன்றாடக் கூலிவேலைக்கு வர விரும்பாத அந்தக் கிராமத்தவர், கோடரி வேலைக்கு மாத்திரம் இசைந்தனர். அது அவர்களுக்குப் பழகிய வேலை. தலைமுறை தலைமுறையாகச் சேனை வெட்டியவர்களுக்கு எந்த மரம் எப்பக்கம் சாயும் என்பதை எவரும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

இதில் ஒரு முரண் உண்டு. மேலே சொன்ன 1840ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தன் முன்னோர் வெட்டிய சேனையை மீண்டும் வெட்டும் கிராமத்தவன் முடிக்குரிய நிலத்தில் அத்துமீறியவனாகக் கருதப்படலாம். அதே மனிதன் அதே கோடரியால் அடுத்த குன்றில் துரைக்காகக் காடு வெட்டினால் அவனுக்குக் கூலி கிடைத்தது. கருவி ஒன்று, கை ஒன்று, மரமும் ஒன்று. வீட்டுக்காக வெட்டியபோது அது குற்றமாயிற்று, பிறருக்காக வெட்டியபோது தொழிலாயிற்று.

அவர்கள் வெட்டிய முறை கேட்டோரை வியப்பில் ஆழ்த்தத்தக்கது. முதலில் கத்திகொண்டு அடிப்புதரை வெட்டி நீக்குவர். பின்னர் மலையின் அடிவாரத்தில் நிற்கும் மரங்களில் தொடங்கி, எந்த மரத்தையும் முழுதாக வெட்டாது, பாதியளவு மாத்திரம் வெட்டி நிறுத்திவிட்டு, படிப்படியாக மேலே ஏறிச் செல்வர். நாட்கணக்கில் இந்த வேலை நடக்கும். ஒரு சரிவு முழுவதும், விழுந்துவிடாது நின்றுகொண்டிருக்கும், ஆனால் விழத் தயாராயிருக்கும் மரங்களால் நிறைந்துவிடும். இறுதியில் உச்சியில் நிற்கும் வரிசையை மாத்திரம் முழுதாக வெட்டிச் சாய்ப்பர். அந்த வேளையில் வெட்டுவோர் அனைவரும் ஒரே கணத்தில் கோடரியை ஓங்குவதற்கு அடையாளமாகச் சங்கு ஊதப்பட்டதென அக்காலத்து ஆங்கில விவரணை ஒன்று கூறுகின்றது. உச்சி வரிசை தனக்குக் கீழுள்ள வரிசையின்மேல் விழும். அது அடுத்ததன்மேல் விழும். கொடிகளால் ஒன்றோடொன்று பிணைபட்டிருந்த மரங்கள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு, மலையே சரிவதுபோன்ற பேரொலியுடன் அடிவாரம் வரை வீழ்ந்துகிடக்கும்.

இம்முறையின் சிக்கனம் வெளிப்படை. ஒவ்வொரு மரத்துக்கும் செலுத்த வேண்டிய உழைப்பில் பாதியை மலையின் சரிவும் மரத்தின் பாரமும் செய்துகொடுத்தன. ஆயின் இதற்கு வேண்டிய தேர்ச்சி சிறிதன்று. பாதி வெட்டு என்பது சரியாகப் பாதியாக இருத்தல் வேண்டும். சற்றுக் கூடினால், காற்று வீசும்போது மரம் தானாகவே சாயும். கீழே வேலைசெய்வோர் தப்புவதற்கு வழியில்லை. சற்றுக் குறைந்தால், மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்கி நின்று முழு வரிசையையும் தடுத்துவிடும். அவ்வாறு இடையில் சிக்கி நிற்கும் மரத்தை வெட்டப் போவதே வேலை முழுவதிலும் ஆபத்தான காரியம். ஒரு கோடரியும் ஒரு கத்தியும் தவிர வேறொன்றும் இல்லாத அந்த மனிதரைத் தேர்ந்த தொழிலாளர் அல்லர் என்று எவரும் கூறமுடியாது. அவர்கள் கையிலிருந்ததோ வீட்டில் விறகு பிளக்கும் அதே கோடரி.

வெட்டப்பட்ட மரம் என்னவாயிற்று? பெரும்பாலும் எரிக்கப்பட்டது. மழை ஓய்ந்த வாரங்களில் வெயிலில் உலரவிட்டுத் தீ மூட்டினர். நல்ல மரங்கள் பல அவ்விடத்திலேயே சாம்பலாயின. இறக்கிக் கொண்டுசெல்லப் பாதையும் வண்டியும் இல்லாத மலையில் அவற்றுக்கு விலையில்லை. கோப்பிக் களஞ்சியத்துக்கும் துரையின் பங்களாவுக்கும் வேண்டிய பலகை மாத்திரம் அறுக்கப்பட்டது. நிலத்தில் குழி தோண்டி, அதன்மேல் மரத்தை வைத்து, மேலே ஒருவரும் குழிக்குள்ளே ஒருவருமாக நின்று நீண்ட வாளை இழுத்து அறுக்கும் முறை அன்று வழங்கியது. குழிக்குள் நிற்பவரின் கண்ணிலும் வாயிலும் மரத்தூள் விழுந்துகொண்டேயிருக்கும். வாள் இங்கே அறுக்கும் கருவியாக இருந்ததேயன்றி வீழ்த்தும் கருவியாக இருக்கவில்லை என்பதைக் கருத்திற் கொள்ளுதல் வேண்டும்.

நிலத்தை இழந்த மனக்குறை, 1848இல் தேசாதிபதி டொரிங்டன் பிரபு விதித்த துப்பாக்கி வரி, நாய் வரி, வீதி வேலை வரி ஆகியவற்றோடு சேர்ந்து, அவ்வாண்டு யூலை மாதத்தில் மாத்தளையிலே கிளர்ச்சியாக வெடித்தது. தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டா அரசனாக முடிசூட்டப்பட்டான். புரான் அப்பு ஆகஸ்டு 8ஆம் தேதி கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டான். அந்த வரலாறு தனியே சொல்லப்படவேண்டியது. ஈண்டு ஒன்று மாத்திரம் குறிப்பிடத்தக்கது. கிராமத்தவன் தன் வீட்டில் வைத்திருந்த ஒரு கருவியை அரசாங்கம் எண்ணிப் பதிந்து வரி விதிக்க முற்பட்டபோது அவன் அதை எளிதில் பொறுத்துக்கொள்ளவில்லை.

காட்டின் அழிவை ஆட்சியாளரும் காலந்தாழ்த்தியே உணர்ந்தனர். கியூ தாவரவியல் தோட்டத்தின் தலைவர் ஜோசப் ஹூக்கர் கொடுத்த எச்சரிக்கையின்பின், 1873இல், 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளைக் காத்தல் வேண்டும் எனத் தீர்மானிக்கப்பட்டது. மாத்தளைக்கும் கண்டிக்கும் இடையே கிடக்கும் நக்கிள்ஸ் மலைத்தொடரின் உச்சிக்காடுகள் இன்றும் எஞ்சியிருப்பதற்கு அத்தீர்மானம் ஒரு காரணம். 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை அழிக்கத் தொடங்கியிருந்தது. அடுத்த இருபது ஆண்டுகளுள் கோப்பி ஏறக்குறைய மறைந்தது. மாத்தளையில் அதன் இடத்தைக் கொக்கோவும் தேயிலையும் பின்னர் இறப்பரும் பிடித்தன. 1880இல் கண்டியிலிருந்து மாத்தளைக்குப் புகையிரதம் வந்தது. அதன்பின் மரத்துக்கு விலை வந்தது. எரித்துவிடுவதற்குப் பதிலாக அறுத்து விற்கும் எண்ணமும் வந்தது.

இவ்வளவு காலமும் மரம் வீழ்த்தும் கருவியில் பெரும் மாற்றம் ஏற்படவில்லை. கோடரியோடு, இருவர் எதிரெதிரே அமர்ந்து இழுக்கும் நீண்ட வாள் சேர்ந்துகொண்டது, அவ்வளவே. மாற்றம் வெளிநாட்டிலே உருவாகிக்கொண்டிருந்தது.

சங்கிலியில் பல் வைத்து அறுக்கும் எண்ணம் மரத்துக்காகத் தோன்றியதன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்கொட்லாந்து தேசத்து வைத்தியர் இருவர் எலும்பை அறுப்பதற்காகக் கையால் இழுக்கும் சிறு சங்கிலி வாளை அமைத்தனர். அது மரத்துக்கு வந்தது 1920களிலேதான். ஜேர்மனியில் அந்திரேயாஸ் ஸ்டீல் என்பவர் 1926இல் மின்சாரத்தால் இயங்கும் சங்கிலி வாளையும், 1929இல் பெற்றோலால் இயங்கும் வாளையும் செய்தார். அவை இருவர் சேர்ந்து தூக்கவேண்டிய பாரமுடையவை. அத்தகைய வாளைச் செங்குத்தான சரிவில் ஏற்றிச் செல்வதை எண்ணிப் பார்த்தல் நன்று.

அடுத்த முன்னேற்றம் ஒரு புழுவினால் வந்தது என்றால் மிகையாகாது. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் மரவெட்டியாக இருந்த ஜோசப் கொக்ஸ் என்பவர், 1946இல், மரத்தைத் துளைத்துச் செல்லும் வண்டின் புழு ஒன்றைக் கூர்ந்து கவனித்தார். அது தன் இரு தாடைகளால் நார்வழியிலும் குறுக்கிலும் இடமும் வலமுமாகச் செதுக்கிச் செல்வதைக் கண்டு, அதே அமைப்பில் வளைந்த பல்லுடைய சங்கிலியைச் செய்தார். அதற்குமுன் இருந்த சங்கிலி கிழித்தது. இது செதுக்கியது. இன்று உலகெங்கும் மரம் வெட்டும் சங்கிலிகள் பெரும்பாலும் அப்புழுவின் வழிவந்தவையே. 1949இல் மக்கல்லக் நிறுவனம் 25 இறாத்தல் பாரத்தில் ஒருவரே தூக்கத்தக்க வாளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1959இல் ஸ்டீல் நிறுவனம் ஏறக்குறைய 12 கிலோகிராம் பாரமுடைய 'கொன்ட்ரா' என்னும் வாளை வெளியிட்டது. அந்த ஆண்டோடு, வனத்தொழிலில் கோடரியின் காலம் பல நாடுகளில் முடிவுக்கு வந்தது.

இவையெல்லாம் தொழிலாளருக்காகவே செய்யப்பட்ட வாள்கள். 'வீட்டு வாள்' என்று ஒன்று அப்போது இருக்கவில்லை. அது பிறந்ததற்கும் ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. 1973இல் எண்ணெய் விலை திடீரென உயர்ந்தபோது, குளிர்நாடுகளில் பலர் வீட்டை வெப்பமாக்க மீண்டும் விறகை நாடினர். ஆண்டுக்குச் சில நாள் மாத்திரம் விறகு வெட்டும் மனிதருக்குத் தொழிலாளரின் விலையுயர்ந்த வாள் எதற்கு? அவர்களுக்கெனச் சிறிய, மலிவான வாள்கள் பெருந்தொகையாகச் செய்யப்பட்டன. அன்று தொடங்கிய பிரிவே இன்று கடைகளில் காணப்படுவது.

அந்தப் பிரிவின் உள்ளமைப்பைச் சற்று விரிவாக நோக்குதல் வேண்டும். ஏனெனில் இது வெறும் விலைப்பட்டியல் விஷயமன்று. தொழில்வாளின் எஞ்சின் கூடு மக்னீசியம் உலோகத்தால் வார்க்கப்பட்டது. அது சூட்டை விரைவாக வெளியேற்றும். நாள் முழுவதும் ஓடினாலும் இறுக்கம் தளராது. கழற்றிப் பழுதுபார்த்து, தேய்ந்த பாகத்தை மாற்றி, மீண்டும் பூட்டலாம். வீட்டு வாள்கள் பலவற்றில் வெளிக்கூடு பிளாஸ்டிக்கால் ஆனது. எஞ்சின் அதனுள்ளே இரு பாதிகளாகப் பொருத்தப்பட்டிருக்கும். அதன் உட்பாகம் பழுதுபட்டால் திருத்தும் செலவு புதுவாளின் விலையை எட்டிவிடும். வீட்டு வாளின் எஞ்சின் பெரும்பாலும் 30 முதல் 45 கனசென்ரிமீற்றர் வரை கொள்ளளவுடையது. பெருமரம் வீழ்த்தும் தொழில்வாள் 50க்கு மேல் தொடங்கி 90ஐத் தாண்டியும் செல்லும். சங்கிலிக்கு எண்ணெய் ஊட்டும் அளவைத் தொழில்வாளில் வேலைக்கேற்பக் கூட்டலாம், குறைக்கலாம். பல வீட்டு வாள்களில் அந்த வசதி இல்லை.

வீட்டு வாளுக்குச் சாதகமான செய்தியும் உண்டு. அதன் சங்கிலி பெரும்பாலும் தாழ்ந்த பல்லுடையது, துள்ளும் இயல்பு குறைந்தது. துள்ளல் என்பது இத்தொழிலின் பெரும்பகை. சங்கிலி ஓடும் தகட்டின் முனையின் மேற்பகுதி தவறுதலாக ஒரு கொம்பிலோ குற்றியிலோ பட்டால், வாள் கண்ணிமைக்கும் பொழுதுக்குள் மேலெழுந்து வெட்டுபவனின் முகத்தை நோக்கித் திரும்பும். 1970களின் முற்பகுதியில் பொருத்தப்படத் தொடங்கிய சங்கிலித் தடையமைப்பு, இடக்கையின் முன்னுள்ள காப்பு முன்னோக்கித் தள்ளப்பட்டதும் சங்கிலியை நிறுத்திவிடும். ஆதலின் வீட்டு வாள் எல்லாவகையிலும் தாழ்ந்தது என்று கொள்ளுதல் தவறு. பழகாத கைக்கு ஆற்றல் மிக்க தொழில்வாளைக் கொடுப்பது அதைவிடத் தவறு.

மணிக்கணக்கு என்னும் அளவுகோலே இரண்டையும் தெளிவாகப் பிரித்துக் காட்டுவது. அமெரிக்க அரசின் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம், கையில் ஏந்தி இயக்கும் இத்தகைய எஞ்சின்களை, புகைக் கட்டுப்பாட்டு விதியை எத்தனை மணிநேர ஓட்டம் வரை காக்கவேண்டும் என்பதைக்கொண்டு 50 மணி, 125 மணி, 300 மணி என மூன்று வகையாகப் பிரித்துள்ளது. இது எஞ்சினின் ஆயுள் அன்று. எனினும் செய்தவர் அதை எவருக்காகச் செய்தார் என்பதை இந்த இலக்கம் மறைமுகமாகச் சொல்லிவிடும். விதிமுறை வழங்கும் நாடுகளின் வாள்களில் இது ஒட்டுத்தாளில் அச்சிடப்பட்டிருக்கும். கிழமைக்கு ஒரு மணிநேரம் வெட்டும் தோட்டக்காரருக்கு 50 மணி என்பது ஏறக்குறைய ஓராண்டு. நாளொன்றுக்கு ஐந்து மணிநேரம் வெட்டும் கூலிக்காரருக்கு அது பத்து நாள்.

இனி மாத்தளைக்குத் திரும்புதல் பொருத்தம். 1990இல் இலங்கை அரசு இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதை நிறுத்தியது. 2000இல் நக்கிள்ஸ் மலைத்தொடர் பேணப்படும் காடாக அறிவிக்கப்பட்டது. 2010இல் மத்திய மலைநாட்டின் ஏனைய காடுகளோடு சேர்த்து உலக மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பெற்றது. மரத்தின் தேவை குறைந்ததா? குறையவில்லை. வீடு கட்டுவோருக்குக் கதவும் யன்னலும் கூரைக்கு வளையும் வேண்டியேயிருந்தன. அவற்றுக்குரிய மரம் எங்கிருந்து வரும்? பெரும்பங்கு வீட்டுத் தோட்டங்களிலிருந்தே வரலாயிற்று. பாட்டன் நட்ட பலா, வேலியோரத்து மகோகனி, தோட்டத்தின் ஓரத்து வேம்பு ஆகியனவே நாட்டின் மரக்களஞ்சியமாயின.

குளிர்நாட்டுத் தொழிற்சாலை வகுத்த பிரிவு மாத்தளையில் பொருந்தாமற் போவது இங்கேதான். அந்நாடுகளில் வீட்டுத் தோட்டம் என்றால் காய்ந்த கொம்பும் விறகுக் குற்றியும். மாத்தளையில் வீட்டுத் தோட்டம் என்றால் இருவர் கைகோத்தும் அணைக்க முடியாத பலா, அதன் கீழே ஓட்டுக்கூரை, ஒருபுறம் மின்கம்பி, மறுபுறம் அயலவரின் மிளகுத்தோட்டம். அந்த மரத்தை வீழ்த்துவது தொழில்களிலெல்லாம் கடினமான தொழில். உச்சியில் ஏறிக் கிளை கழிக்கவேண்டும், கயிறு கட்டி இறக்கவேண்டும், அடிமரத்தை இடம்பார்த்துச் சாய்க்கவேண்டும். எனினும் அது 'வீட்டு வேலை' என்று எண்ணி வீட்டு வாளை வாங்குபவர் பலர். தாமே வெட்டுவோர் சிலர். பெரும்பாலோர் கூலிக்கு ஒருவரை அழைத்து, தாம் வாங்கிவைத்த அந்தச் சிறு வாளை அவர் கையில் கொடுக்கின்றனர். வாளைத் தேர்ந்தவர் வேறு, அதைப் பிடித்து நிற்பவர் வேறு. இரண்டு மணிநேரத்தில் சூடேறிய வாள் நின்றுவிடும். மரமோ பாதி வெட்டுண்டு நிற்கும். கோப்பிக் காலத்துச் சரிவில் பாதி வெட்டுண்ட மரத்தின் கீழ் நின்றவனின் நிலையும் இவனுடைய நிலையும் வேறல்ல. அவனுக்காவது பாதி வெட்டு ஒரு திட்டம். இவனுக்கு அது விபத்து.

மரத்தின் இயல்பும் கணக்கில் சேரவேண்டும். மாவட்டத்தின் தெற்கும் கிழக்கும் ஈரமலை. வடக்கே நாவுல, தம்புள்ளைப் பக்கம் வறண்ட நிலம். அங்கே பாலை, முதிரை, கருங்காலி போன்ற வைர மரங்கள் வளர்வன. பச்சைப் பலாவில் ஒரு நாள் தாங்கும் கூர்மை, உலர்ந்த பாலையில் மிக விரைவில் மழுங்கும். தென்னையின் வெளிப்புற நாரும் சங்கிலியை விரைந்து தேய்க்கும். மழுங்கிய சங்கிலியை அழுத்தி வெட்டுபவர் எஞ்சினையும் கெடுத்துத் தம் தோளையும் கெடுத்துக்கொள்வர். மாவைப்போல் நுண்ணிய தூள் பறந்தால் சங்கிலி மழுங்கிவிட்டது, சீவலாகத் தூள் விழுந்தால் கூராயிருக்கின்றது என்பது தொழிலாளர் அறிந்த எளிய அடையாளம். நல்ல வாளை வாங்கி அரம் பிடிக்கத் தெரியாதவரைவிட, எளிய வாளை வாங்கி அரம் பிடிக்கத் தெரிந்தவரே கூடுதலாக வெட்டுவார்.

கைக்கு நேரும் கேடு ஒன்றும் உண்டு. அது வெட்டுக்காயம்போல் உடனே தெரிவதன்று. வாளின் அதிர்வு ஆண்டுக்கணக்கில் விரல்களின் நுண்ணிய இரத்தக் குழாய்களையும் நரம்புகளையும் தாக்கும். குளிர்ந்த காலையில் விரல்நுனி வெளுத்து மரத்துப்போகும். 1960களில் பல நாட்டு வனத்தொழிலாளரிடையே இந்நோய் பரவலாகக் காணப்பட்டது. அப்பத்தாண்டின் நடுப்பகுதியிலிருந்து, எஞ்சினையும் கைப்பிடியையும் இறப்பராலோ சுருள்வில்லாலோ பிரித்து அதிர்வைக் குறைக்கும் அமைப்பு வந்தது. இன்று விலைகூடிய வாளுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு இதற்கே செல்கின்றது. வாரத்தில் ஒரு மணிநேரம் வாள் பிடிப்பவர் இதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. நாள்தோறும் பிடிப்பவருக்கு இது தன் விரல்களின் விலை.

சட்டமும் இந்தத் தோட்டங்களைத் தொடராமல் விடவில்லை. பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகிய உணவு மரங்களை அனுமதியின்றி வெட்டுவதை 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் தடுக்கின்றது. பஞ்சகாலத்தில் பலா எத்தனை உயிரைக் காத்தது என்பதை அறிந்தவர் செய்த சட்டம் அது. 2019இல் அரசு ஒரு படி மேலே சென்று, சங்கிலி வாள் வைத்திருப்போர் அதைப் பதிந்துகொள்ளவேண்டும் எனப் பணித்தது. இறக்குமதிக்கும் கட்டுப்பாடு விதித்தது. காடு காக்கும் நோக்கம் நன்றே. ஆயின் கட்டுப்பாடு வந்தால் வாள் அரிதாகும். அரிதானால் கையிலிருக்கும் பழைய வாளை, தடையமைப்பு உடைந்திருந்தாலும் அதிர்வுத்தாங்கி தேய்ந்திருந்தாலும், திருத்தித் திருத்தி ஓட்டுவர். சட்டம் செய்வோர் வாளை எண்ணுகின்றனர், வாளைப் பிடிக்கும் கையை எண்ணுவதில்லை. 1848இல் துப்பாக்கியை எண்ணியபோதும் நிலைமை அவ்வாறே இருந்தது.

ஆகவே மாத்தளைத் தோட்டக்காரர் கடைவாயிலில் நின்று தம்மைக் கேட்டுக்கொள்ளத்தக்க வினா, தமது இடம் வீடா தோட்டமா என்பதன்று. மிளகுக்குத் தாங்கலாக நட்ட கிளிரிசிடியாவைக் கழிக்கவும், காற்றில் முறிந்த கொம்பை நறுக்கவும், ஆண்டுக்குச் சிலமுறை எடுக்கப்படும் வாளாயின், சிறிய வீட்டு வாள் தாராளமாகப் போதும். பெரியதை வாங்குவது வீண். பலாவையோ மகோகனியையோ வீழ்த்தவேண்டுமாயின், எந்த வாளையும் வாங்காது, தொழிலறிந்தவரை அவருடைய சொந்த வாளோடு அழைப்பதே மலிவு. கூலி கூடுதலாகத் தோன்றும். கூரை ஓட்டின் விலையோடு ஒப்பிட்டால் அவ்வாறு தோன்றாது. கூலிக்கு வெட்டுவதையே பிழைப்பாகக் கொண்டவர், கடன்பட்டாயினும் தொழில்வாளை வாங்குதல் வேண்டும். அதோடு காலுறையும் சப்பாத்தும் தலைக்கவசமும் வாங்கப் பணம் மிஞ்சாதாயின், வாளில் ஒரு படி குறைத்து அவற்றை வாங்குவதே அறிவு. இந்த மூன்றாமவருக்கே கடன் கொடுக்க எவரும் முன்வருவதில்லை என்பது மாத்தளையிலும் பிறவிடங்களிலும் ஒத்த குறை.

தேர்ந்த மரவெட்டி ஒருவர் வேலைக்கு வரும்போது கவனித்தால் ஒன்று புலப்படும். ஒரு கையில் வாள் இருக்கும். தோளில் கயிற்றுச் சுருள் கிடக்கும். மறுகையில் ஒரு கோடரியும் சில மர ஆப்புகளும் இருக்கும். வாளை இயக்குமுன் அவர் மரத்தைச் சுற்றிவந்து அண்ணாந்து பார்ப்பார். பின்னர் கோடரியின் பின்புறத்தால் அடிமரத்தைத் தட்டி, காதைக் கொடுத்துக் கேட்பார். உள்ளே வைரமா, பொந்தா என்பதை ஓசை சொல்லும். பொந்தென்றால் வெட்டும் இடத்தை மாற்றுவார். சில வேளைகளில் கருவியையெல்லாம் எடுத்துக்கொண்டு, இந்த மரத்தை வேறு விதமாக இறக்கவேண்டும், நாளை இன்னும் இருவரோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போவார்.